மூடி வைத்த காபி

எங்கள் வீட்டில் விடியற்காலைக் காபியை அக்காதான் போடுவாள். ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் அக்கா, பின்வீட்டில் தறியும் நானும் என் மனைவியும். பால்காரர் முதலில் அக்காவுக்குத்தான் ஊற்றிவிட்டுப் போவார் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. ஐந்து மணிக்கு இரண்டு டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு வருவாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை நிலைப்படியில் நின்று, காலி டம்ளரை வாங்கிக்கொண்டுதான் போவாள். வெறும் வயிற்றோடு தறியில் உட்காரக் கூடாது என்பது எங்கள் அப்பா காலத்துச் சட்டம். காபி வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பது அக்காவின் சட்டம்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தமிழில் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவேன். மனிதர்களிடம் பேசுவதுதான் வராது. அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளுடைய இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்து முடிக்கும்வரை என் கல்யாணப் பேச்சு எழவில்லை. எழுந்த பிறகும், பெண் பார்க்கப் போன இடங்களில் நான் தலை நிமிரவே மாட்டேன். மாப்பிள்ளைக்குப் பேச்சு வராதா என்று கேட்டே சில இடங்கள் கைநழுவின. கடைசியில் கல்யாணம் நடந்தபோது எனக்கு நாற்பத்தொன்று, என் மனைவிக்கு முப்பத்துநான்கு.

அவளுக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்று அக்கா கேட்டாள். “ஜாதகம் தட்டிக்கினே போச்சும்மா,” என்றான் அவளுடைய அண்ணன். நான் அதை நம்பவில்லை. பெண் லட்சணமாக இருந்தாள், ராட்டையில் உட்கார்ந்தால் நாடாவில் போடும் நூலைத் தாராகச் சுற்றும் கை நிற்காது. இப்படிப்பட்டவளுக்கு முப்பத்துநான்கு வயது வரை ஜாதகம் மட்டுமா தட்டியிருக்கும்? ஆனால் நான் கேட்டால் என்னைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்காமல் விட்டேன். சந்தேகம் மட்டும் அன்று உள்ளே வந்து உட்கார்ந்தது.

ஒரு வருஷம் ஓடியது. குழந்தை இல்லை. அதன் பிறகு அவள் அண்ணன் மாதாமாதம் வர ஆரம்பித்தான். அதற்கு முன்பு பொங்கலுக்கும் ஆடிக்கும்தான் வருவான். இப்போது ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ, பையின் அடியில் ஏதோ ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். அடுப்படியில் அண்ணனும் தங்கையும் தணிந்த குரலில் பேசுவார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

“இன்னா மாமா, தறி எப்டிப் போவுது?” என்பான் உடனே.

தறி எப்போதும்போலத்தான் போயிற்று. எங்களுடையது கோர்வைத் தறி. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருப்பதால் ஒருவர் குழியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நூல் ஓடும் நாடாவை வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். குழியில் நான், பக்கத்தில் அவள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை என் முழங்கைக்கும் அவள் முழங்கைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அப்படி உட்கார்ந்துகொண்டுதான் அவளைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. அப்படி ஒரு அமாவாசையில் அக்கா அவளைத் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனாள். பிள்ளை வேண்டுகிறவர்கள் அந்தக் கோயிலில் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அது முளைத்திருந்தால் பிள்ளை நிச்சயம் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முளைத்தால் அதிசயம்.

முளைத்திருந்தது. திரும்பி வந்த அக்கா ஒரு துணியைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பயறு ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு முனை.

“பாத்தியாடா? கண்ணால பாத்துக்கோ. நீதான் எதையும் நம்ப மாட்டியே.”

நான் பார்த்தேன். என் மனைவியையும் பார்த்தேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அக்கா காபி கொண்டு வந்தாள். என் மனைவி டம்ளரை வாங்கி, ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்தாள்.

“இன்னாம்மா, குடிக்கலியா?”

“அப்புறம் குடிக்கிறேன் அண்ணி.”

“அப்புறம்னா?”

“கொஞ்ச நேரம் ஆவட்டும்.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் காபி மூடியே கிடந்தது. மாதவிலக்கும் தள்ளிப் போயிருந்தது. இரண்டும் போதாதா அக்காவுக்கு? தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் மாங்காய் கொண்டு வந்தாள். தறிக்காரர் ஒருவர் என் முதுகில் தட்டி, “ஊமை மாதிரி இருந்துக்கினு சாதிச்சிட்டியேபா,” என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்த தலையோடு சந்தோஷமாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு தனியாக ஒதுங்கினாள். அவ்வளவுதான்.

மாங்காய் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கேட்டதுபோல்தான் இருந்தது. தெருவில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு தணிந்துவிடும். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“வறுத்த பயறு எப்டிடா முளைக்கும்? இவ பச்சைப் பயறை மாத்திக் கட்டிக்கினு படுத்திருக்கா.”

“நீதானே கூடப் போன?”

“கூடப் போனேன். அவ மடிக்குள்ள கையை வுட்டா பாத்துக்கினு இருந்தேன்?”

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பயறைத் தவிர மற்ற எல்லோரையும் எல்லோரும் சந்தேகப்பட்டோம்.

அடுத்த நாளிலிருந்து என் மனைவி காபியை மூடி வைக்கவில்லை. அக்கா நீட்டியதும் வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே சூடாக மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள். இனிமேல் யாரும் எதையும் கற்பனை செய்ய வேண்டாம் என்று சொல்வதுபோல இருந்தது அது. அப்போது நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அக்கா அவளை ஒரு லேடி டாக்டரிடம் காட்ட ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். அமாவாசைக்கு அமாவாசை இருவரும் போவார்கள். நான் போகவில்லை. அங்கே எல்லாம் பெண்களாக இருப்பார்கள் என்பது ஒரு காரணம். என்னை ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது தடவை திரும்பி வந்ததும் அக்கா நேராகத் தறிக்கு வந்தாள்.

“டாக்டரம்மா இவளைத் திட்டறாங்கடா. என்னை வெளிய உக்கார வச்சிட்டு உள்ள திட்டறாங்க. ஒழுங்கா சாப்புடறியா இல்லியான்னு கேக்கறாங்க. எதை சாப்புடணும்னு கேட்டா, இவ வாயத் தொறக்க மாட்டேன்றா.”

“சத்து மாத்திரை அண்ணி,” என்றாள் என் மனைவி.

“சத்து மாத்திரைக்கா அந்தத் திட்டு?”

அந்தக் கேள்வி சரிதான் என்று எனக்கும் பட்டது.

மாத்திரை என் கையில் கிடைத்தது தறியில்தான். சுற்றி வைத்த தார்களை அவள் ஒரு மூங்கில் கூடையில் நிறத்துக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருப்பாள். கரையின் அரக்கு நிறத் தார் தீர்ந்துபோயிற்று. அவள் வாசலில் இருந்தாள். நானே கூடைக்குள் கையை விட்டேன். அடியில், துணிக்குக் கீழே, ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி. மேலே எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவள் நம்பி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு பெண் புருஷனுக்குத் தெரியாமல் தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள் என்றால் அது என்னவாக இருக்கும்? டீக்கடையில் நாலு பேர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளை தங்காமல் இருக்க மாத்திரை உண்டு, தினமும் ஒன்று போட வேண்டும், அட்டையாக வரும். இவளுக்கு என்னிடம் பிள்ளை வேண்டாம். அண்ணன் கொண்டு வந்து கொடுக்கிறான். கோயிலில் பயறை மாற்றியது எங்களை ஏமாற்ற. எல்லாம் ஒன்றோடொன்று பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டது. அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தாள். அன்று முழுக்க அவள் பக்கம் என் முகத்தைத் திருப்பவில்லை.

காலியான துண்டு ஒன்றைக் கிழித்து எடுத்து வைத்திருந்தேன். எங்கள் தெரு மருந்துக்கடையில் கேட்க முடியாது. அவருக்கு எங்கள் வீட்டு நாய்க்குட்டிகூடத் தெரியும். மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஏனாத்தூர் வரை போனேன். காலேஜ் பக்கத்தில் ஒரு கடை. பையன்களும் பெண்களுமாக ஒரே கூட்டம். கூட்டம் குறையும்வரை எதிரில் நின்றேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் அட்டைத் துண்டை நீட்டினேன். கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள், என் அக்கா மகள் வயது.

“இது வேணுமாண்ணா?”

“வேணாம்மா. இது எதுக்குன்னு...” தொண்டையைச் செருமிக்கொண்டேன். “பக்கத்து வூட்ல கேட்டாங்க. இது குழந்தை தங்காம இருக்கப் போடறதா?”

அவள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். “இல்லண்ணா. தைராய்டு மாத்திரை. சொல்லப்போனா குழந்தை வேணும்ங்கறவங்களுக்கும் இதைத் தருவாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க எப்டிப் போடறாங்க? காலைல எழுந்ததும் வெறும் தண்ணியில போடணும். ஒரு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் கூடாதுன்னு சொல்லுங்க. சேத்துப் போட்டா மருந்து ஒடம்புல ஒழுங்கா சேராது.”

திரும்பி வரும்போது ஒரு பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஒரு சந்தேகம் போன இடத்தில் இரண்டு வந்தன. கழுத்தில் ஏதோ வியாதி இருப்பதை மறைத்துத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஜாதகம் தட்டியது என்பது இதுதான். அடுத்தது, மருந்து ஒரு மணி நேரம் காபி இல்லாமல் போட வேண்டும் என்றால், இவள் ஏன் ஐந்து மணிக்கு மடமடவென்று காபி குடிக்கிறாள்?

மறுநாள் காலை தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாவு நூலைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்காவின் செருப்புச் சத்தம் முன்வீட்டில் கேட்டதும் அவள் கூடைப் பக்கம் போனாள். கை வாய்க்குப் போயிற்று. அக்கா உள்ளே வந்தாள். இவள் காபியை வாங்கிக் குடித்தாள். மாத்திரையும் காபியும் ஒன்றாக உள்ளே போயின. அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும். வேண்டுமென்றே மருந்தைக் கெடுக்கிறாள் என்று முடிவு செய்தேன். அண்ணனுக்காகவும் டாக்டருக்காகவும் போடுவதுபோல் போட்டுவிட்டு, பலிக்காமலும் பார்த்துக்கொள்கிறாள். டாக்டரம்மா திட்டியது இப்போது புரிந்தது.

இதை நான் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பக்கத்திலேயே உட்கார்ந்து சேலையை முடிக்க வேண்டுமே.

அடுத்த அமாவாசைக்கு, அக்கா கிளம்பும்போது நான் போகிறேன் என்றேன். அக்கா என்னை நம்பாமல் பார்த்தாள். என் மனைவி அதைவிட.

டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மூணு தடவை டோஸ் ஏத்தியாச்சு. தைராய்டு அளவு சரிக்கே வர மாட்டேங்குதே. மாத்திரையை விடாம போடறீங்களாம்மா?”

“போடறேன் டாக்டர்.”

“வெறும் வயித்துல?”

“வெறும் வயித்துலதான் டாக்டர்.”

“காபியோட போடுது,” என்றேன் நான்.

அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது. என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மாத்திரை எனக்குத் தெரியும் என்பதும், எத்தனையோ காலைகளாக அவள் வாயை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்குப் புரிந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏம்மா?”

அவள் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை.

“கோயிலுக்குப் போய் வந்ததும் இனிமே ஒழுங்கா போடணும்னு காபியை மூடி வச்சேன் டாக்டர். மூடி வச்சா முழுகாம இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிடறாங்க. ஒருவாட்டி அப்டி ஆயிப்போச்சு. இந்த மாத்திரைக்குன்னு சொன்னா ரெண்டு இடம் தட்டிப்போன மாதிரி இதுவும் போயிடும்னு பயம். கல்யாணம் ஆனதும் ஒரு வருஷம் போடாமலேகூட இருந்தேன். அண்ணன்தான் திட்டிக் கொண்டாந்து குடுத்துச்சு. வயித்துக்குள்ள போனா போதும்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“தைராய்டு சரியா சுரக்கலைன்னா கருமுட்டை ஒழுங்கா வெளிய வராது. மாசம் தள்ளித் தள்ளிப் போகும். அப்படியே தங்கினாலும் கலைஞ்சிடலாம். இதை மாத்திரையிலயே சரி பண்ணிடலாம், அதுல கஷ்டமே இல்ல. ஆனா வயசை நான் மாத்திரையில சரி பண்ண முடியாதும்மா. முப்பத்தேழு ஆகுது உங்களுக்கு. இருபத்தஞ்சுல ஒரு வருஷம் போனா பரவாயில்ல. இப்போ ஒவ்வொரு மாசமும் கணக்கு.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?”

“எனக்கு எதுக்குங்க?”

“உங்க வயசு என்ன?”

சொன்னேன். எங்கள் தாத்தா அறுபது வயதில் பிள்ளை பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

“பெத்திருப்பார். அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் பெறாம இருந்தார்னு யாரும் கணக்கு வச்சிருக்க மாட்டாங்க.” அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பங்குனி வெயில்ல ஏன் துண்டைப் போத்திக்கிட்டு இருக்கீங்க?”

“குளிருது.”

“குரல் எப்பவுமே இப்படித்தான் கரகரப்பா இருக்குமா?”

எப்போதும் இல்லை. இரண்டு வருஷமாகத்தான். அதோடு காலையில் இமை வீங்கியிருக்கும், மத்தியானம் தறியிலேயே கண் சொருகும். மனைவி பக்கத்தில் படுத்திருந்தாலும் கை நீளாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. எல்லாம் வயது என்று நினைத்திருந்தேன். வயதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

“ஆம்பளைக்கும் அதே இடத்துல அதே சுரப்பிதான் இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “அது மந்தமானா விந்துல உயிரணு குறையலாம், ஓட்டம் குறையலாம், ஆசையும் குறையும். நாப்பதைத் தாண்டினா சும்மாவே கொஞ்சம் இறங்கும். ரத்தம் ஒண்ணு, விந்து ஒண்ணு, ரெண்டும் கொடுத்துட்டுப் போங்க.”

ரத்தம் கொடுத்தேன். இன்னொன்றுக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். வெளியே பெஞ்சில் நாலு பெண்கள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலி டப்பாவோடு வெளியே வந்து, கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டேன். கரண்ட் இருந்தது. மின்விசிறி என் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. லேப் அம்மாள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சரி, இன்னொரு நாளைக்கு வாங்க,” என்றார். இன்னொரு நாள் போய்க் கொடுத்தேன்.

இரண்டிலும் குறை இருந்தது. உயிரணு குறைவு, ஓட்டமும் மந்தம். தைராய்டு என் மனைவிக்கு இருந்ததைவிட எனக்கு மோசம். நான் முதலில் நம்பவில்லை. அவளுடைய ரத்தத்தையும் என்னுடையதையும் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றேன். லேப்புக்கும் டாக்டருக்கும் கமிஷன் உண்டு என்று டீக்கடையில் கேட்டதையும் சொன்னேன். வேறு லேப்பில் போய் மறுபடி கொடுத்தேன். அங்கேயும் அதேதான்.

அந்த ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி பேசினாள். கிளினிக்கில் நான் வாயைத் திறந்த நாளிலிருந்து அதுவரை அவள் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

“ஏங்க, இதை உங்க வூட்ல மறைச்சித்தானே எனக்குக் கட்டி வச்சாங்க?”

நான் நின்றுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு எங்கேயோ பக்கத்தில் இருந்தது.

“எனக்கே தெரியாது,” என்றேன்.

“தெரியாதுன்னா நான் நம்பணுமா? எங்க அண்ணன் சொன்னா மட்டும் நீங்க நம்ப மாட்டீங்க.”

“அந்தப் பயறு?” என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தது எப்படியோ அப்போது வந்தது.

“நான் மாத்தல. நீங்க மாத்துனீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கேன்.”

“நான் கோயிலுக்கே வரலியே.”

“அப்போ உங்க அக்காதான்,” என்றாள்.

அதை நினைத்துப் பார்த்தபோது அப்படியும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு இருவரும் எழுந்து ஒரே சொம்பில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டோம். அக்கா காபியோடு வந்தாள். இரண்டு டம்ளரையும் வாங்கி இரண்டு தட்டால் மூடி வைத்தோம். அக்கா தட்டுகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாடா, ரெண்டு பேருக்குமே மசக்கையா?”

என் மனைவியின் கை முந்தானையைப் பிடித்தது. அதைப் பார்த்தேன். அவளுடைய மாத்திரையைப் பற்றி நான் சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

“எனக்குத் தைராய்டு இருக்குது அக்கா. ஒரு மணி நேரம் காபி கூடாது. தனியா குடிக்க வேணாம்னு அதுவும் காத்துக்கினு இருக்குது.”

“அது பொம்பளைங்க வியாதியாச்சேடா.”

“எனக்கும் வந்துடுச்சி.”

அக்கா நீண்ட நேரம் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என் மனைவியின் கழுத்தைப் பார்த்தாள். “ஒட்டிக்குமா?” என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து காபி ஆறு மணிக்கு வந்தது.

துண்டு போர்த்துவது நின்றது. மத்தியானத்தில் கண் சொருகுவதும் குறைந்தது. புதிய உயிரணு வருவதற்கே மூன்று மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இருவருக்கும் அளவு சரியான பிறகும், “வயசு இருக்கு, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்,” என்றுதான் சொன்னார். எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையால்தான். பயறும் அண்ணனும் ஜாதகமும் எல்லாமே வாக்குக் கொடுத்திருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அக்கா காபியை வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டதால் போனாள். என் மனைவி டம்ளரை வாய்க்குக் கொண்டு போய், அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு வேணாம்.”

“ஏன்?”

“பால் வாடை அடிக்குது.”

பால் நன்றாகத்தான் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். முன்பும் தள்ளிப் போயிருந்தது. முன்பும் காபி மூடிக் கிடந்தது. எனக்குள் பழைய சந்தேகம் எழுந்து நின்றது, இந்த முறை அவள்மேல் இல்லை, அந்த அறிகுறிமேல். வாசலில் அக்கா பேச்சை முடித்துக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டது. என் காபியைக் குடித்தேன். அவளுடையதையும் எடுத்துக் குடித்தேன். வாய் வெந்துபோயிற்று. இரண்டு காலி டம்ளரையும் அக்கா கையில் கொடுத்தேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அக்கா எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்து, திரும்பும் நேரத்தில் இரண்டாவது டம்ளர் என் வயிற்றுக்குள் போகும். டாக்டரம்மா உறுதி செய்தார். அவளுடைய தைராய்டு மாத்திரையை ஒரு படி கூட்டினார். கர்ப்பத்தில் கூட்ட வேண்டியிருக்குமாம். “இந்த வயசுல மூணு மாசம் தாண்டற வரைக்கும் ஜாக்கிரதையா இருங்க,” என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலே முடிவாகியிருந்தது. தெருவுக்கு இன்னொரு மாங்காய்க்கு வேலை வைக்க இருவருக்கும் தைரியமில்லை. எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

ஒரு காலை அக்கா வழக்கம்போல் தட்டோடு வந்தாள். நான் இரண்டாவது டம்ளரை எடுத்தேன். காபி வாசனை இல்லை. உள்ளே பார்த்தேன். வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர்.

நிமிர்ந்தேன். அக்கா நிலைப்படியில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் மெதுவாகக் குடித்தாள்.

“இன்னிலேர்ந்து தார் சுத்தறது நான் பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா. “கோர்வைக்கு வேற ஆளைக் கூப்டுக்கோ. குனிஞ்சி உக்கார வேணாம்.”

“சரிக்கா,” என்றேன்.

காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க நான் தெருவைக் கவனித்தேன். யாரும் மாங்காய் கொண்டு வரவில்லை. யாரும் என் முதுகில் தட்டவில்லை. மறுநாளும் இல்லை. இப்போது ஐந்தாவது மாதம் முடியப் போகிறது. இனி யாரும் சொல்லத் தேவையில்லாமலே தெரிகிறது. அக்காவுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்த முதல் நாளே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.